கிராக்க எடுத்துப்போட்டு அந்த எடத்துல என்னத்த வெக்கறதுங்க?

கேள்வி (கடுதாசிய சுருக்கிப் போட்டிருக்குது): வணக்கமுங்க அண்ணா. அவிநாசி பக்கத்துல எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கறமுங்க. ஊட்டுக்காரர் மெஷின் பாக்கறாரு, ஆபீஸ் நானு. மொத்தம் 11 கம்ப்யூட்டர். ரெண்டுல பஞ்சிங் (டிசைன மெஷினுக்குத் தையலா மாத்தறது, வில்காம் சாஃப்ட்வேர்ல), ஒண்ணுல டேலி, மிச்ச எட்டுல எக்ஸெல், டெலிவரி சலான் (டிசி) போடறது, மெயிலு. எல்லாமே கிராக்குதானுங்க, காசு குடுக்காத திருட்டுக் காப்பி, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இப்ப திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ரெகுலரா ஆர்டர் தர்றேங்கறாங்க, ஆனா ஆடிட்டுக்கு வந்தா சாஃப்ட்வேர் லைசென்ஸ் கேப்பாங்களாம். சிஸ்டம் கடைக்காரர் 11ஐயும் புதுசா மாத்தோணும்னு ஒரு கொட்டேஷன் குடுத்தாரு, பாத்ததும் தலை சுத்திருச்சு. எங்கண்ணன் பையன் பெருந்துறைல இன்ஜினியரிங் படிக்கறான், விண்டோஸுக்குப் பதிலா ஒட்டுக்கா லினக்ஸ் போட்டுரலாம் அத்தை, அஞ்சு பைசா செலவில்லைங்கறான். ஊட்டுக்காரர் சும்மா கெடைக்கறதுல என்ன தரம் இருந்துரப்போவுதுங்கறாரு. எனக்கு வேற ஒரு வெசனம். கிராக்கும் சும்மாதான், இதுவும் சும்மாதான், யாரோ உக்காந்து செஞ்சத எடுத்து நாம சம்பாரிக்கறோம். ரெண்டும் ஒரே தப்புத்தானுங்களே?

பதில்: வணக்கமுங்க அம்மிணி. (34 வயசுன்னு எழுதியிருக்கீங்க, அந்த உரிமைல கூப்பிடறேன்.) கோயமுத்தூர்ல சின்ன யூனிட்டுகளுக்கு சிஸ்டம், நெட்ஒர்க் எல்லாம் போட்டுக் குடுக்கறதுதான் என்ற பொழப்பு, லைசென்ஸ் பிரச்சனைன்னு வர்றவங்க எல்லாரும் எவ்வளவு ஆகும்னுதான் கேப்பாங்க, இது தப்பான்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி, அதனால உங்க கடைசிக் கேள்விக்குத்தான் இதுல எச்சு எடம் குடுத்திருக்கறேன்.

மொதல்ல ஊட்டுக்காரர் கேட்டத முடிச்சுப்போடலாம். அவரு கையில இருக்கறது ஆண்ட்ராய்டு போனா இருந்தா அதுக்குள்ள ஓடறது லினக்ஸ் கெர்னல்தானுங்க (மத்த எல்லாத்தையும் ஓட்டற உள்மையம்). உலகத்துல வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்னு ஒரு பட்டியல் போடுவாங்க, 2017 நவம்பர்லருந்து அதுல 500மே லினக்ஸ்தான். தரம் பத்தி அவரு வெசனப்பட வேண்டியதில்ல. ஆனா தரமான சாமான் எல்லாம் நம்ம வேலைக்குப் பொருந்துமாங்கறது வேற கேள்வி, அதுலதான் உங்க அண்ணன் பையன் அவசரப்படறான்.

ஒட்டுக்கா மாத்தறேன்னு எறங்கறது எனக்குப் புடிக்காதுங்க. ஜெர்மனில மூனிக் மாநகராட்சி 2003ல லினக்ஸுக்குப் போறதுன்னு முடிவு பண்ணி, வருசக்கணக்கா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர மாத்தி, கடைசில 2017ல கவுன்சில்ல ஓட்டுப்போட்டு மறுபடி விண்டோஸுக்கே திரும்புறதுன்னு முடிவாச்சு. அவ்வளவு பெரிய ஊருக்கே அந்தக் கதி. நம்ம பக்கத்துலயே பாருங்க, வாளையார் தாண்டுனா கேரளா, அங்க அரசுப் பள்ளிக்கூடத்துப் பசங்க லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் படிக்கறாங்க, ஏன்னா அங்க வாத்தியாருங்கள மொதல்ல உக்கார வெச்சு சொல்லிக்குடுத்தாங்க. நம்ம ஊர்ல 2011லருந்து குடுத்த இலவச லேப்டாப்புலயும் விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சுங்க, சென்னைல மத்திய அரசு நிறுவனம் சி-டாக் பண்ணுனது, நம்ம பணம் நம்ம ஆளுங்க. எத்தன பசங்க அதத் தெறந்து பாத்தாங்க? சொல்லிக்குடுக்க ஆளில்ல, அவ்வளவுதான். அதனால உங்க யூனிட்ல மாத்தறதுக்கு முன்னாடி, டிசி போடற பொண்ணுக்கு யாரு பக்கத்துல உக்காந்து சொல்லித்தர்றதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. அண்ணன் பையன் செமஸ்டர் பரீட்சைக்குப் போயிட்டா அந்த வாரம் யாரு?

இப்ப மெஷின் மெஷினா வர்றேன்.

அந்த எட்டு ஆபீஸ் கம்ப்யூட்டர். கடைக்காரர் சொன்னது முழுப்பொய்யில்லீங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறோணும்னா டிபிஎம் 2.0ங்கற சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்லருந்து மேல இருக்கோணும். நீங்க எழுதுன லிஸ்ட்ல எல்லாம் நாலாவது ஆறாவது ஜெனரேஷன். ஆக விண்டோஸ்தான் வேணும்னா புதுசு வாங்கறதத் தவிர வழியில்ல, அந்த வரைக்கும் அவரு கணக்கு சரிதான். ஆனா அதே டப்பாவுல ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்கு) போட்டு, ரேம எட்டு ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட்ல பழைய கம்ப்யூட்டருக்கு ஏத்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பப் போட்டா இன்னும் பல வருசம் ஓடுமுங்க. மெயிலு, பிரவுசரு, ஜிஎஸ்டி போர்ட்டலு, இ-வே பில்லு எல்லாம் பிரவுசர்லயே ஆகற வேலை. எக்ஸெலுக்குப் பதிலா லிப்ரே ஆபீஸ் கால்க்.

இடிக்கற எடமும் சொல்லிப்போடறேன். எக்ஸெல்ல யாராவது மேக்ரோங்கற தானா ஓடற கட்டளை எழுதி வெச்சிருந்தா (பீஸ் ரேட் கூலி ஷீட்ல கட்டாயம் ஒண்ணு இருக்கும், எழுதுனவன் எப்பவோ வேலைய விட்டுப் போயிருப்பான்) அது கால்க்ல பாதி ஓடும் பாதி ஓடாது. டிசி அடிக்கற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடும், ஆனா பேப்பர் சைஸ் செட் பண்றதுக்கு ஒரு மத்தியானம் போயிரும். கைரேகை அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸ்லதான் ஓடும், அத டேலி கம்ப்யூட்டர்லயே வெச்சுக்குங்க. டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துப் போடற யுஎஸ்பி) லினக்ஸ்ல ஒரு தலைவலி, ஆனா நீங்க புரொப்ரைட்டர்னா ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஓடிபிலயே போயிரும், அது தேவையே படாது. அப்பறம் லேபர் பேரெல்லாம் பாமினி ஃபான்ட்ல அடிச்சு வெச்சிருக்கறதா எழுதியிருந்தீங்க. அத இந்தச் சாக்குல யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியற முறை) மாத்திப்போடுங்க, கன்வர்ட்டர் கெடைக்குது. பாமினில அடிச்சது அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தெறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்துக் கிறுக்கலாத் தெரியும், உங்க ஆளுங்க பேரப் படிக்கறதுக்கு ஒரு ஃபான்ட் ஃபைல நம்பியிருக்கற மாதிரி ஆயிப்போச்சு. அரசாங்கமே 2010ல யூனிகோடுக்கு வந்துட்டாங்க.

இதுல ஒரே ஒரு யோசனை கட்டாயமாக் கேளுங்க. லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி, இருக்கற விண்டோஸ்லயே லிப்ரே ஆபீஸ், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், மெயிலுக்கு தண்டர்பேர்டு மூணையும் போட்டு ஒரு மாசம் அதுலயே வேலை பாக்கச் சொல்லுங்க. எது ஓடுது எது மல்லுக்கட்டுதுன்னு அதுலயே தெரிஞ்சுரும். கைப்பழக்கம் வந்த பொறகு அடில இருக்கறத மாத்துனா பொண்ணுங்களுக்கு பெருசா வித்தியாசமே தெரியாது.

டேலி. ஒரிஜினல் வாங்கிருங்க, பேச்சே இல்ல. உங்க ஆடிட்டர் அதுலதான் கேக்கறாரு, ஜிஎஸ்டி மாறறப்பெல்லாம் அப்டேட் வேணும், வருசத்துக்கு ஒரு தடவை நீங்க அவருகிட்டத் தாட்டிவிடற ஃபைலுக்காக வேற எதையும் கத்துக்கற கெரகம் உங்களுக்கு வேண்டியதில்ல. ஓப்பன் சோர்ஸ்ல (மூலக் கோட எல்லாரும் பாக்கலாம், மாத்தலாம்னு தெறந்து வெச்சது) கணக்குக்கு இஆர்பிநெக்ஸ்ட்னு நம்ம நாட்டுலயே பண்ணுனது இருக்குது, நல்ல சாமான், ஜிஎஸ்டி எல்லாம் வருது, ஆனா அதப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். நீங்க இன்னும் நாலஞ்சு யூனிட் ஆனா அப்ப பேசலாமுங்க. ஒண்ணு மட்டும், மாசாமாசம் டேலிலருந்து எல்லாத்தையும் எக்ஸெலாவோ எக்ஸ்எம்எல்லாவோ எக்ஸ்போர்ட் பண்ணி வெளிய ஒரு எடத்துல வெச்சுக்குங்க. டேலி அதுக்கு வழி குடுத்திருக்குது, நாமதான் பண்றதில்ல.

பஞ்சிங் கம்ப்யூட்டர்தான் உங்க உயிருநாடி, இங்கதான் நிதானமா யோசிக்கோணும்.

உங்க டிசைன் எல்லாம் ரெண்டு வெதமா இருக்கும் பாருங்க, இ.எம்.பி ஃபைலு ஒண்ணு, மெஷினுக்குப் போற டி.எஸ்.டி ஒண்ணு. டி.எஸ்.டில ஊசி எங்க எறங்கோணும், எங்க தாவோணும், எங்க நூல் மாத்தோணும்ங்கறது மட்டுந்தான் இருக்கும், என்ன கலர்னுகூட இருக்காது. மெஷினுக்கு அது போதும். ஆனா பையர் இந்த லோகோவ ரெண்டு இஞ்ச் பெருசு பண்ணுங்கன்னா டி.எஸ்.டிய வெச்சு ஒழுங்காப் பண்ண முடியாது, தையல் எடைவெளி விட்டு நிக்கும், இல்ல சுருக்குனா நெருங்கி துணியே கிழியும். திருத்தோணும்னா இ.எம்.பி வேணும். இ.எம்.பி வில்காமோட சொந்த ஃபார்மேட், அத முழுசாத் தெறந்து திருத்தறதுக்கு வில்காம்தான் வேணும். ஆக எட்டு வருசமா உங்க ஊட்டுக்காரரும் பஞ்சிங் மாஸ்டரும் ராத்திரி பகலா உக்காந்து செஞ்ச டிசைன், காசு குடுத்துப் பண்ணுன டிசைன், உங்களோடதுதான், ஆனா அதத் திருத்தறதுக்கு இன்னொருத்தர் சாஃப்ட்வேரோட தயவு வேணும், அதுலயும் நீங்க வெச்சிருக்கறது கிராக்கு, நாளைக்கு அந்த ஹார்டு டிஸ்க் போச்சுன்னா கேக்கறதுக்கு நாதியில்ல, கம்பெனிக்குப் போன் பண்ணி என்ற ஃபைல் தெறக்க மாட்டேங்குதுன்னு சொல்லவும் முடியாது. செலவு எவ்வளவுங்கறதவிட இதத்தான் நான் பெரிய விசயமா நெனைக்கறேன். எந்த சாஃப்ட்வேர் வாங்குனாலும் சரி, சும்மா எடுத்தாலும் சரி, வேண்டாம்னு வெளிய வர்றப்ப என்ற சாமான என்னால எடுத்துட்டு வர முடியுமான்னு மொதல்ல கேளுங்க. வெல அப்புறமேட்டுக்கு.

ஓப்பன் சோர்ஸ்ல இதுக்கு இன்க்ஸ்டிட்ச்னு ஒண்ணு இருக்குது, இன்க்ஸ்கேப்ங்கற படம் வரையற சாஃப்ட்வேருக்குள்ள ஓடறது. டிசைன் எஸ்விஜியா நிக்கும், அது பொது ஃபார்மேட், யாரு வேணும்னாலும் தெறக்கலாம், மெஷினுக்கு டி.எஸ்.டி எடுத்துக் குடுக்கும், தையல் எப்படி ஓடும்னு ஸ்கிரீன்ல ஓட்டியும் காட்டும். பேரு, எழுத்து, சின்ன நெஞ்சு லோகோ, ஸ்கூல் பேட்ஜு இதுக்கெல்லாம் தாராளமா ஆகும். ஆனா பல தலை மெஷின்ல நாளு பூரா ஓடற புரொடக்ஷன் டிசைனு, ஜாக்கெட் முதுகு நெறைய வர்ற வேலை, இதுக்கெல்லாம் உங்க மாஸ்டர் வில்காம்ல ஒரு மணி நேரத்துல முடிக்கறத இதுல எவ்வளவு நேரத்துல முடிப்பாருன்னு அவரே உக்காந்து பாத்தாத்தான் தெரியும், எச்சு நேரம் ஆகும்ங்கறதுல சந்தேகமில்ல. அதனால என்ற யோசனை: மெயின் பஞ்சிங் கம்ப்யூட்டருக்கு விண்டோஸும் வில்காமும் ஒரிஜினலா வாங்குங்க, ரெண்டாவதுல இன்க்ஸ்டிட்ச் போட்டு சின்ன வேலையெல்லாம் அதுக்குத் தள்ளுங்க. பழைய இ.எம்.பில அடிக்கடி ரிப்பீட் வர்ற டிசைன் எதெதுன்னு பாத்து, அதோட ஒரிஜினல் ஆர்ட்ஒர்க், கலர் ஷீட், டி.எஸ்.டி, ஒரு போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல சேத்து வெச்சுப்போடுங்க. என்னிக்காவது திரும்பப் பஞ்ச் பண்ண வேண்டி வந்தா அதுதான் கை குடுக்கும்.

இதெல்லாம் ரொம்பப் பயமுறுத்தறாரேன்னு நெனைக்காதீங்க. 2025 ஜூலைல குஜராத்துல நயாரா எனர்ஜிங்கற பெரிய பெட்ரோல் கம்பெனிக்கே, ஐரோப்பியத் தடை வந்துச்சுன்னு மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வீஸ நிறுத்தி, அவங்க டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயி, அப்பறம் திரும்பக் குடுத்தாங்க. லைசென்ஸுக்குக் காசு கட்டுனவங்களுக்கே அப்படி. ஓப்பன் சோர்ஸ்லயும் முதலாளி மாறுவாங்க, வித்தியாசம் என்னன்னா அங்க கெளம்பிப் போறதுக்கு வழி இருக்குது. நீங்க போடப்போற லிப்ரே ஆபீஸே அப்படி வந்ததுதான். ஓப்பன் ஆபீஸ்னு இருந்துச்சு, அத வெச்சிருந்த சன் கம்பெனிய 2010ல ஆரக்கிள் வாங்குச்சு, செஞ்சுட்டிருந்தவங்களுக்கு நம்பிக்கை போச்சு, அதே வருசம் கோட எடுத்துட்டு வெளிய வந்து லிப்ரே ஆபீஸ்னு பேரு வெச்சு நடத்தறாங்க. லைசென்ஸ் அதுக்கு எடங்குடுத்துச்சு.

சரி, உங்க வெசனத்துக்கு வர்றேன். ரெண்டும் ஒரே தப்பான்னு கேட்டீங்க.

இல்லீங்க அம்மிணி. கிராக்குங்கறது, இத்தன ரூபாய்னு சொன்னவன்கிட்ட குடுக்காம எடுக்கறது. சட்டமும் அப்படித்தான் பாக்குது, 1957ஆம் வருசத்துக் காப்பிரைட் சட்டத்துல 63பின்னு ஒரு பிரிவு, திருட்டுக் காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல ஓட்டுனா ஏழு நாள்லருந்து மூணு வருசம் வரைக்கும் ஜெயில், அம்பதாயிரத்துலருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம். இந்தப்பக்கம் ஜிபிஎல்னு ஒரு லைசென்ஸ், ரிச்சர்டு ஸ்டால்மன்ங்கற அமெரிக்க புரோகிராமர் எழுதுனது, இன்க்ஸ்டிட்ச்செல்லாம் அதுலதான் வருது. அதுல செஞ்சவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, எந்த வேலைக்கு வேணும்னாலும் ஓட்டிக்கோ, சம்பாரிக்கவும் ஓட்டிக்கோ, உள்ள பாத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவங்களுக்கும் குடுன்னு. கேக்கறது ஒண்ணே ஒண்ணு, மாத்தியோ மாத்தாமயோ அடுத்தவங்களுக்குக் குடுத்தா அந்த மூலக் கோடையும் சேத்துக் குடு, நீ வாங்குன உரிமைய அவங்களுக்கு இல்லைன்னு சொல்லாத. இது ஒண்ணும் தர்மத்துக்குப் போட்டதில்லீங்க, அவங்களுக்கும் அதுல காரியம் இருக்குது. எத்தனையோ பெரிய கம்பெனிக ஆளுக்குச் சம்பளம் குடுத்து லினக்ஸ் கெர்னல எழுத வெக்கறாங்க, ஏன்னா அவங்க சர்வரு அதுலதான் ஓடுது. ஆக நீங்க எடுக்கறது திருட்டில்ல. அந்த வரைக்கும் நிம்மதியா இருங்க.

ஆனா உங்க மனசுல உறுத்துச்சு பாருங்க, அந்த உறுத்தல முழுசா அழிக்கவும் எனக்கு மனசில்ல. நம்ம ஊர்க்கிணத்துப் பங்கு மாதிரிதானுங்க இது. முறை வெச்சு எல்லாரும் தண்ணி எறைக்கலாம், பாத்தியம் எல்லாருக்கும் உண்டு, ஆனா தூர் வாரறப்ப ஆருமே வரலைன்னா கெணறு என்னத்துக்கு ஆவும்? 2024 மார்ச்சுல நடந்ததக் கேளுங்க. எக்ஸ்இசட்னு ஒரு சின்னக் கருவி, ஃபைல சுருக்கறது, ஏகப்பட்ட லினக்ஸ்ல உள்ளுக்குள்ள கெடக்கும். அதப் பல வருசமாப் பாத்துட்டிருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு ஆளு, சம்பளமில்லாம. அவரு அசந்துபோன நேரம் பாத்து ஒருத்தன் உதவி பண்றேன்னு வந்து, ரெண்டு வருசத்துக்கு மேல நல்லவனாட்டமே வேலை செஞ்சு, நம்பிக்கைய வாங்கி, கடைசில திருட்டு வழி ஒண்ண உள்ள வெச்சுப்போட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டுன்னு ஒரு இன்ஜினியர், லாகின் ஆக அரை செகண்டு எச்சாகுதேன்னு தோண்டிப் பாத்ததுல மாட்டுச்சு. கோடு எல்லாரு கண்ணு முன்னாடியும் இருந்ததாலதான் அவரால தோண்ட முடிஞ்சுது, அது நெசம். ஒத்த ஆளு மேல அத்தன பாரத்தையும் ஏத்திவிட்டு ஒலகமே சும்மா தண்ணி எறைச்சுட்டிருந்ததும் நெசம்.

அதனால நீங்க மிச்சம் புடிக்கற லைசென்ஸ் காசுல ஒரு பங்கு, அது சின்னதா இருந்தாலும் பரவால்ல, வருசாவருசம் இன்க்ஸ்கேப்புக்கோ லிப்ரே ஆபீஸுக்கோ அனுப்பிவிடுங்க. அதவிட எனக்குப் புடிச்சது வேற. இன்க்ஸ்டிட்ச் செய்யறவங்ககிட்ட பெரிய பல தலை மெஷின் வரிசையா நிக்கற ஷெட்டெல்லாம் இருக்காதுங்க, உங்ககிட்ட இருக்குது. இந்த ஃபில்லு (நெரப்புத் தையல்) இந்தத் துணில இப்படி இழுக்குதுன்னு உங்க மாஸ்டர் போட்டோ புடிச்சுக் குடுத்து, அண்ணன் பையன் அத ஒழுங்கா எழுதி அனுப்புனா அது அவங்களுக்குக் காசவிடப் பெருசு. பையனுக்கும் வேலைக்குப் போறப்ப சொல்லிக்க ஒண்ணு ஆச்சு. லிப்ரே ஆபீஸோட தமிழ் மொழிபெயர்ப்புலயும் அவன் கை வெக்கலாம், ஆளு பத்தாத எடம் அது. அவனுக்குத் தமிழ்ல படிக்கறதுக்கு கணியம்னு ஒரு பத்திரிகை 2012லருந்து ஓப்பன் சோர்ஸ் பத்தியே எழுதுது, சொல்லிவிடுங்க.

அப்பறம் அஞ்சு பைசா செலவில்லைன்னு அவன் சொன்னது தப்புன்னும் சொல்லிவிடுங்க. சாஃப்ட்வேர் சும்மா, ஆளு சும்மா இல்ல. லினக்ஸ் தெரிஞ்ச ஒரு லோக்கல் பையனுக்கு மாசம் இவ்வளவுன்னு பேசிக் குடுத்துருங்க. நம்மாளுங்க பத்து லட்ச ரூபா மெஷினுக்கு வாய் தெறக்காம குடுப்பாங்க, சர்வீசுக்கு வர்ற பையன்கிட்ட ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவாங்க.

ஆடிட்டுக்கு வர்றவங்க விசயம். லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு பில் இல்லையேன்னு பதறாதீங்க. ஒரு ஷீட்டுல கம்ப்யூட்டர் நம்பர், அதுல என்னென்ன சாஃப்ட்வேர், என்ன வெர்ஷன், என்ன லைசென்ஸ்னு எழுதி, ஜிபிஎல் மாதிரி லைசென்ஸ் வாசகத்தப் பிரிண்ட் எடுத்துப் பின் பண்ணி, வாங்குனதுக்கு பில்லும் சேத்து வெச்சா போதும். இதுல நெறையப் பேரு மாட்டற எடம் ஒண்ணு இருக்குது. சும்மா டவுன்லோடு ஆகறதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் இல்லீங்க. தூரத்துலருந்து இன்னொரு கம்ப்யூட்டர இயக்கற டீம்வியூவர், எனிடெஸ்க் எல்லாம் ஊட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம், கம்பெனில ஓட்டுனா லைசென்ஸ் வேணும். அதுக்குப் பதிலா ரஸ்ட்டெஸ்க் இருக்குது. ஃபைல சுருக்கற வின்ரார எடுத்துட்டு செவன் ஜிப் போடுங்க. (காப்பிரைட்னு பேச்சு வந்ததால கேக்கறேன், அந்த கார்ட்டூன் பொம்மை டிசைனெல்லாம் ஆரு பர்மிஷன்ல ஓடுது? அது வேற கேசு, இன்னொரு நாளைக்கு.)

கடைக்காரர்கிட்ட போயி சண்டை போடாதீங்க, கொட்டேஷன மாத்திக் கேளுங்க: ஒரிஜினல் விண்டோஸோட ரெண்டு புது கம்ப்யூட்டர், மிச்ச ஒம்பதுக்கும் எஸ்எஸ்டி, ரேமு. அவருக்கும் யாவாரம் ஆகும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பஞ்சிங் கம்ப்யூட்டர்லயும் இருக்கற டிசைன் ஃபோல்டர் பூராத்தையும் ரெண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குல காப்பி எடுத்து, ஒண்ண யூனிட்லயும் ஒண்ண ஊட்டுலயும் வெச்சுக்குங்க, இத நாளைக்கே பண்ணுங்க. அந்தக் கூலி ஷீட்டயும் ஒரு காப்பி எனக்குத் தாட்டி விடுங்க, ஆளுங்க பேர அழிச்சுப்போட்டு. மேக்ரோவ கால்க்ல ஓட்டிப் பாத்து எங்க மாட்டுதுன்னு எழுதறேன்.